ஆக்கிய சொல்லும் அறியாச் செவியும்

நிலத்துக்கு எல்லை உண்டு; கிணற்றுக்குப் பங்கு உண்டு; வீட்டுக்கு உறுதி உண்டு. இவற்றுள் எதையும் ஒருவன் தன்னுடையது எனக் காட்டித் தான் மட்டும் அனுபவிக்கலாம். மொழியை அவ்வாறு அனுபவித்தல் இயலாது. சொல்பவன் ஒருவனும் கேட்பவன் ஒருவனுமாக இருவர் சேர்ந்து உடைமை கொண்டாலன்றிச் சொல் சொல்லாக நில்லாது. ஆயின், இப்பொது உடைமையில் ஒருவன் தானாகவே புதியதொன்றைப் புகுத்தினால் நிகழ்வது யாது? தான் ஆக்கிய, அல்லது சிறு குழுவொன்று ஆக்கித் தந்த மொழியை, அதனை அறியாதவரோடு அன்றாட வாழ்வில் வழங்க ஒருவனுக்கு உரிமை உண்டா? உண்டெனின், அவ்வுரிமையோடு ஒட்டிவரும் கடமை யாது? மொழியியலார் இதனை வழக்கு, ஆக்கம், கடன்பேறு என்னும் தலைப்புகளின்கீழ் ஆராய்வர். எனினும் வினாவின் அடியில் அறம் பற்றிய கேள்வி ஒன்று கிடக்கிறது. அதுவே இங்கு ஆராயப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, அரியாலையில் வாழும் இளைஞன் ஒருவனைக் கற்பனை செய்யலாம். யாழ்ப்பாண நகரின் கிழக்கே, கண்டி வீதியின் இருமருங்கும் வயலும் தோட்டமும் குடிமனையுமாகப் பரந்து கிடக்கும் ஊர் அரியாலை. தைப்பொங்கல் நாளன்று அவ்விளைஞன் ஓர் உறுதி பூணுகிறான். இனித் தன் வாயிலிருந்து பிறமொழிச் சொல் ஒன்றும் வராது. தமிழில் சொல் இல்லாதவிடத்து அறிஞர் ஆக்கிய சொல்லே வரும். மறுநாட் காலை கடைக்குச் சென்று, "அண்ணை, ஒரு வெதுப்பி தாங்கோ" என்கிறான். கடைக்காரர் அவன் முகத்தைப் பார்க்கிறார். "என்ன தம்பி, என்ன வேணும்?" என்கிறார். அவன் மீண்டும் அதே சொல்லைச் சொல்லிப் பாணைச் சுட்டிக்காட்டுகிறான். பின்னால் நின்றவர்கள் சிரிக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, "அம்மம்மா, ஈருருளியை எடுத்துக்கொண்டு போறன்" என்றால், "ஆரை உருட்டப் போறாய், மோனை?" என்று அவர் கேட்கிறார். இதுவரை நிகழ்ந்தது நகைச்சுவை. எவருக்கும் தீங்கில்லை.

மாலையில் அம்மம்மாவுக்கு மருந்து வாங்கி வருகிறான். இரண்டு வகை மாத்திரைகள். "இது குருதியமுக்க வில்லை, உணவுக்கு முன், அது நீரிழிவு வில்லை, உணவுக்குப் பின்" என்று சொல்லி வைத்துவிட்டுப் போகிறான். அவர் அறிந்தவை 'பிறஷர்', 'சீனி வருத்தம்', 'குளிசை' என்னும் சொற்கள். எனினும் அவர் தலையாட்டுகிறார். விளங்கியதால் அன்று; பேரன் படித்தவன், அவன் சொன்னால் சரியாகவே இருக்கும் என்னும் மதிப்பால். இவ்விடத்தில் நகை அடங்கிவிடுகிறது. காலையில் கடைக்காரர் "என்ன வேணும்" என்று திருப்பிக் கேட்டார். மாலையில் அம்மம்மா கேட்கவில்லை. கேட்டவரிடம் ஆக்கிய சொல் வெறும் புதுமை. கேளாதவரிடம் அது ஆபத்து. இவ்வேறுபாடே இப்பொருள் பற்றிய ஆராய்ச்சிக்குத் தொடக்கம் ஆகும்.

ஆக்கமொழி என்பது இயல்பாக வளராது, ஒருவராலோ பலராலோ கருதிச் செய்யப்பட்ட மொழி. முற்றும் ஆக்கப்பட்டது எஸ்பெராந்தோ. அவ்விளைஞன் வழங்கும் தனித்தமிழ் அவ்வகையினது அன்று. அதன் இலக்கணமும் வேர்ச்சொற்களும் ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வழக்குடையன. அவற்றின்மேல் எழுந்த சொற்களுள் ஒரு பகுதியே புதிதாய்க் கட்டப்பட்டது. ஆயினும் கேட்போன் நிலையிலிருந்து நோக்கின் வேறுபாடு பெரிதன்று. 'ஈருருளி' என்னும் சொல்லின் வேர் எத்துணைப் பழமை வாய்ந்ததாயினும், அதை முதன்முறை கேட்கும் செவிக்கு அது ஆக்கிய சொல்லே. அலுவலகக் கடிதங்களில் அதே ஊர்தி 'துவிச்சக்கர வண்டி' ஆகிறது. வடமொழிக் கூறுகளைக் கொண்டு கட்டப்பட்ட அதுவும் வீட்டு வாசலிற் பிறந்த சொல் அன்று. மக்கள் வழங்குவது 'சைக்கிள்'. ஒரே ஊர்திக்கு அறிஞர் ஒரு பெயரும் அரசு ஒரு பெயரும் ஆக்கி வைத்திருக்க, அதில் ஏறிச் செல்வோர் மூன்றாவது பெயரால் அதனை அழைக்கின்றனர்.

அறியாதார் முன் ஆக்கிய சொல்லை வழங்குதல் தமிழர்க்குப் புதிதன்று. நன்னூல் தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்து, அவற்றுள் ஒன்றைக் குழூஉக்குறி எனப் பெயரிடுகிறது. ஒரு குழுவினர் தமக்குள் ஒரு பொருளுக்கு வேறொரு பெயரிட்டு வழங்குதல் அது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். வாங்க வந்தவன் முன்னே அமர்ந்திருக்க, அவனுக்கு விளங்காத சொல்லால் இரு கொல்லர் பேசிக்கொள்வதே அதன் பயன். பாடசாலைப் பிள்ளைகள் ஒவ்வோர் எழுத்தின் முன்னும் ககரம் சேர்த்துப் பேசும் விளையாட்டு மொழியும் இவ்வினத்தது. பெரியோர் அருகில் இருக்கும்போதே அதற்குச் சுவை மிகுதி. இரண்டும் கேட்போனைப் புறத்தே நிறுத்துவதற்காக எழுந்தவை. பிள்ளைகள் மொழி விளையாட்டாதலின் குற்றமில்லை; கொல்லர் மொழி வாங்குவோனை ஏய்க்கப் பயன்படுமாயின் குற்றம். இங்கு அறத் தீர்ப்பு எளிது. நோக்கத்தைக் கண்டால் போதும்.

இதற்கு நேர்மாறான முனையில் நிற்பவர் எஸ்பெராந்தோவை ஆக்கிய சாமன்ஹோவ். உருசியர், போலந்தினர், செருமானியர், யூதர் ஆகியோர் தத்தம் மொழி பேசித் தம்முள் பகைத்து வாழ்ந்த பியாலிஸ்ரொக் என்னும் ஊரிற் பிறந்தவர் அவர். எவருக்கும் சொந்தமல்லாத மொழி ஒன்று இருப்பின் எல்லோரும் சமநிலையில் பேசலாம் எனக் கருதி, 1887இல் வார்சோவில் தமது முதல் நூலை வெளியிட்டார். அந்நூலின் இரண்டு கூறுகள் ஈண்டு நோக்கற்பாலன. முதலாவது, அதிற் சேர்க்கப்பட்டிருந்த வாக்குறுதிச் சீட்டு. ஒரு கோடிப் பேர் இவ்வாறே வாக்களிப்பின் தானும் இம்மொழியைக் கற்பதாக வாசகன் அதிற் கையொப்பமிடலாம். அந்த ஒரு கோடி நிறையவில்லை, மொழியோ நிலைத்தது. எனினும் தம் மொழியைப் பிறர்மேல் சுமத்துமுன் அவர்தம் இசைவைக் கேட்டல் வேண்டும் என்னும் உணர்வு அச்சீட்டில் வெளிப்பட்டது. இரண்டாவது, சொற்பட்டியல் அடங்கிய சிறு தாள். எஸ்பெராந்தோவே அறியாத ஒருவருக்கு அம்மொழியில் மடல் எழுதுவோர் அத்தாளையும் உடன் வைத்து அனுப்பலாம். பெறுபவர் அதைக் கொண்டு சொற்களை ஒவ்வொன்றாய்ப் பிரித்தறியலாம் என்பது அவர் ஏற்பாடு. அத்தகைய சிறு நூலுக்கு எஸ்பெராந்தோ பேசுவோர் வழங்கிய பெயர் 'திறப்பு' எனப் பொருள்படும்.

திறப்பு என்னும் சொல்லே இவ்விடத்துச் சிந்தனைக்குரியது. தமிழகத்தார் 'சாவி' என்று போர்த்துக்கேயச் சொல்லால் குறிக்கும் பொருளை யாழ்ப்பாணத்தார் 'திறப்பு' என்கின்றனர். அது தனித்தமிழ் என்றோ தூயது என்றோ எண்ணி எவரும் அதைச் சொல்வதில்லை. அதற்காக எவரும் உறுதி பூண்டதுமில்லை. எண்ணாது வழங்கப்படுவதே வழக்கு. ஆக்கிய சொல் அடைய விரும்பும் வீடுபேறும் அதுவே. அதனை வழங்குவோன் அது ஆக்கியது என்பதையே மறந்துவிடல் வேண்டும்.

மறைப்பதற்காகப் பேசும் பொற்கொல்லன் ஒரு முனையிலும், மடலோடு திறப்பையும் அனுப்பும் சாமன்ஹோவ் மறுமுனையிலும் நிற்க, அரியாலை இளைஞன் நிற்கும் இடம் யாது? மறைக்கும் எண்ணம் அவனுக்கு இல்லை. அவன் நெஞ்சில் இருப்பது மொழிப்பற்று. ஆயின் அவன் அம்மம்மாவின் செவியில் விளைந்த பயன், கொல்லன் சொல் வாங்குவோன் செவியில் விளைவித்த பயனே. இருவரும் கேட்டனர், இருவர்க்கும் விளங்கவில்லை. நோக்கம் தூயதாயின் செயலும் தூயது என்று கொள்வார்க்கு இது நெருக்கடி தரும். சொல் என்பது கேட்பவரிடத்தே முடிவுறும் செயல். அம்பு எய்தவன் தான் நல்லெண்ணத்தோடு எய்ததாகக் கூறிப் பட்ட இடத்தைப் பாராதிருத்தல் முறையாகாது. எனவே ஆக்கமொழி பேசுவோனின் அறத்தை அவன் பற்றைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்தாது. கேட்டவர்க்கு அவன் திறப்பைக் கொடுத்தானா என்பதைக் கொண்டும் அளத்தல் வேண்டும்.

இவ்விடத்து ஒரு தடை எழும். கேட்போன் அறிந்த சொல்லையே பேசவேண்டுமாயின் மொழி வளர்வது எங்ஙனம்? இது எளிதில் தள்ளத்தக்க தடை அன்று. இன்று இக்கட்டுரையை வாசிப்போர் பயிலும் நிறுவனத்தின் பெயரே இதற்குச் சான்று. 'சர்வகலாசாலை' என்பதே ஒரு காலத்து வழக்கு. 'பல்கலைக்கழகம்' என்று முதலில் சொன்னவர் அதனை அறியாதார் முன்பே சொல்லியிருத்தல் வேண்டும். 'அக்கிராசனர்' தலைவரானதும், 'காரியதரிசி' செயலாளரானதும், 'பொக்கிஷதாரர்' பொருளாளரானதும் அவ்வாறே. இப்பெயர்களைத் தாங்கிய அழைப்பிதழைக் கண்டு முதல் தலைமுறையினர் புருவம் உயர்த்தியிருப்பர். அறியாச் செவிக்கு அஞ்சி எல்லோரும் வாளாவிருந்திருப்பின் இச்சொற்கள் ஒன்றும் பிறந்திரா. ஆக, அறியாதார் முன் ஆக்கிய சொல்லை வழங்குதல் குற்றம் அன்று என்பது மட்டுமன்றி, சில வேளைகளில் அது மொழிக்குச் செய்யும் தொண்டும் ஆகும்.

குடாநாட்டின் வரலாற்றில் இத்தொண்டின் அருமையான எடுத்துக்காட்டு மானிப்பாயில் நிகழ்ந்தது. 1847இல் அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். தொடக்கத்தில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்த அவர், 1860களில் தமிழிற் கற்பிக்கும் முறைக்கு மாறினார். ஆங்கிலம் கற்ற மருத்துவர்கள் அரச பதவி நாடி வெளியூர் சென்றுவிடுவர். தமிழிற் கற்றவர்களோ கிராமத்திலேயே தங்கி நோயாளரோடு பழகுவர் என்பது அவர் கணிப்பு. அதற்காக உடற்கூறு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளில் தமிழ் நூல்கள் வெளிவரச் செய்தார்; இல்லாத சொற்களைத் தம் மாணவரோடும் உதவியாளரோடும் கூடி ஆக்கினார். அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம் என்பன உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உடல்நலவியல் ஆகியவற்றுக்கு அவர் நூல்களில் வழங்கிய பெயர்கள்.

அச்சொற்களிற் பல இன்று வழக்கில் இல்லை. அவை பெரும்பாலும் வடமொழிச் சார்புடையவை. பின்வந்த தலைமுறை வேறு சொற்களை நாடியது. எனினும் கிறீனின் முயற்சி தோற்றது எனல் தகாது. ஏனெனில் அவர் ஆக்கிய மொழி அதனை ஆக்கியோர்க்கு அணியாக எழவில்லை. மாணவன் அதனைக் கற்றது, அதனை அறியாத நோயாளிக்கு அவர் வீட்டுத் தமிழிற் சொல்வதற்காக. நூலில் ஆக்கிய சொல், படுக்கையருகில் வழங்கும் சொல் என இரண்டையும் அறிந்தவனாக மருத்துவன் இருத்தல் வேண்டும் என்பதே அக்கல்வியின் பயன். சொல் மறைந்தபோதும் முறை நிலைக்கத்தக்கது. அரியாலை இளைஞன் தவறவிட்டது இம்முறையையே. அவன் நூற்சொல்லைப் படுக்கையருகே கொண்டுசென்றான். படுக்கையருகுச் சொல்லை மறந்துபோனான்.

தனித்தமிழ் இயக்கத்தின் வரலாறும் இதே உண்மையை வேறொரு பக்கத்திலிருந்து காட்டும். 1916ஐ அண்டி, வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என மாற்றிக்கொண்ட அடிகள், தமது 'ஞானசாகரம்' என்னும் இதழை 'அறிவுக்கடல்' என்றும், 'சமரச சன்மார்க்க நிலையம்' என்பதைப் 'பொதுநிலைக் கழகம்' என்றும் பெயர்த்தார். தம் மக்களின் பெயர்களையும் மாற்றினார். திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆயினார், திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆயினார். இதழின் பெயர் ஆசிரியருக்கு உரியது. தன் பெயர் தனக்கு உரியது. அவற்றை மாற்ற அவர்க்கு முழு உரிமை உண்டு. பிள்ளையின் பெயரோ, பிள்ளை தானும் ஊரும் சேர்ந்து வழங்குவது. அதனை மாற்றும்போது ஆக்குவோனின் உரிமை பிறரின் உரிமையோடு உரசத் தொடங்குகிறது. அடிகளின் இயக்கத்தால் தமிழ் எழுத்துநடை பெற்ற வளம் மிகப் பெரிது. இன்று தனித்தமிழை எள்ளுவோரும் அவ்வியக்கம் தந்த சொற்களைக் கொண்டே எள்ளுகின்றனர். அவ்வளத்தை மறவாமலே, சொல்லை வழங்குதல் ஒன்று, சொல்லைப் பிறர்மேல் இடுதல் வேறொன்று என்னும் எல்லையையும் காணுதல் தகும்.

அவ்வெல்லை மிகக் கூர்மையாக வெளிப்படுவது அதிகாரம் ஆக்கிய சொல்லை ஏந்தும்போதாகும். 1990 முதல் 1995 வரை யாழ்ப்பாணம் தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அவர்தம் நிருவாகம் தமிழ்ச் சொல் வழக்கை வற்புறுத்தியது. கடைகளின் பெயர்ப்பலகைகள் தமிழாயின. 'பேக்கரி' வெதுப்பகம் ஆயிற்று. ஆயுதம் தாங்கிய அதிகாரம் ஒரு சொல்லைச் சொல்லும்போது அதனை ஏற்றவர் விரும்பி ஏற்றாரா, அஞ்சி ஏற்றாரா என்பதைப் பகுத்தறிய வழியில்லை. மறுக்கும் வாய்ப்பு இல்லாதவிடத்து இசைவுக்கும் பொருள் இல்லை. ஆனால் அவ்வதிகாரம் நீங்கியபின்பும் வெதுப்பகம் என்னும் சொல் யாழ்ப்பாணத்துக் கடைகளின் பலகைகளில் நிலைத்தது. வற்புறுத்துவார் இல்லாத காலத்தும் மக்கள் அதனை எழுதினர். மகிழுந்து முதலிய வேறு பல சொற்களோ எழுத்தளவில் நின்றுவிட்டன. பேச்சில் அவை 'கார்' முதலிய பழைய பெயர்களுக்கே வழிவிட்டன.

பலகையில் வெதுப்பகம் என எழுதிய கடையினுள் விற்கப்படுவது 'பாண்'. அது 1619இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரின் சொல். கதிரை, அலுமாரி, சப்பாத்து, வாங்கு என்பனவும் அவர்கள் விட்டுச் சென்றவையே. கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. இச்சொற்களும் படையோடும் கோட்டையோடும் வந்தவைதாம். இன்று அவை ஆச்சிமாரின் வாய்ச்சொற்கள். ஆகவே, அதிகாரத்தின் வழியே வந்தது என்பதால் மட்டும் ஒரு சொல்லைத் தள்ளுதல் ஒருதலையானது. அவ்வாறு தள்ளுவோர் வெதுப்பகத்தோடு பாணையும் தள்ள நேரும். கொணர்ந்த அதிகாரம் மறைந்தபின்னும் மக்கள் வாயில் நிற்பதே அச்சொல்லின் உண்மையான பட்டயம்.

எனினும் இவ்வளவுகோலுக்கு ஒரு குறை உண்டு. அது காலம் கடந்தபின் தீர்ப்பளிக்கிறது. ஒரு சொல் நிலைக்குமா என்பதை அறியப் பல ஆண்டு காத்திருக்கலாம்; அம்மம்மா மாத்திரையை இன்றிரவே விழுங்கவேண்டும். சொல்லும் கணத்தில் ஒருவன் எவ்வாறு ஒழுகல் வேண்டும் என்பதை வரலாறு கூறாது. அதனை அறமே கூறல் வேண்டும்.

இதற்கு மெய்யியல் சிறிது ஒளி தருகிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பின் காரணம் வெளிப்படத் தோன்றாது என்பது தொல்காப்பியர் கருத்து. விற்கன்ஸ்ரைன், 1953இல் வெளிவந்த தமது 'மெய்யியல் ஆய்வுகள்' என்னும் நூலில், ஒருவனுக்கு மட்டுமே உரிய, பிறர் அறியவே இயலாத மொழி ஒன்று இருத்தல் இயலுமா என வினவினார். ஒரு சொல்லை ஒருவன் சரியாக வழங்குகிறானா, சரியென நினைத்துக்கொள்கிறானா என்பதைப் பிரித்தறிய வெளியே ஓர் அளவை வேண்டும். தன்னந்தனி மொழியில் அது இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். ஆக்கமொழி அத்தகைய தனிமொழி அன்று; அதனைக் கற்பிக்கலாம், திருத்தலாம். ஆயினும் அவ்வாதத்திலிருந்து ஒன்றைப் பெறலாம். சொல்லைச் சரியென்று ஏற்கும் உரிமை சொல்வோனிடம் மட்டும் இல்லை. அவன் சொல்லை முன்வைக்கிறான்; ஊர் அதனை ஏற்கும், அல்லது விடும். அவ்வகையில் சொல்லாக்குவோன் ஊரின்முன் நிற்கும் விண்ணப்பதாரன். ஊருக்கு நீதிபதி அல்லன். தன் சொல்லை அறியாதவனைத் தமிழறியாதவன் எனப் பழிக்கும் கணத்தில் அவன் விண்ணப்பதாரனின் இடத்தைவிட்டு நீதிபதியின் இருக்கையில் ஏறிவிடுகிறான்.

கேட்போர் எல்லோரும் ஒரு நிலையினர் அல்லர் என்பதும் நோக்கத்தக்கது. நண்பன் சிரிக்கலாம், கடைக்காரர் திருப்பிக் கேட்கலாம், வகுப்பில் மாணவன் கையுயர்த்தலாம். இவர்களிடம் புதுச்சொல்லை வழங்குவதில் இடையூறு சிறிது. மறுக்கும் ஆற்றல் அவர்களிடம் உண்டு. கேள்வி கேட்க இயலாதவர் மூவர்: குழந்தை, நோயாளி, அலுவலகத்தில் படிவத்தோடு நிற்கும் எளியவர். எபிரேய மொழியை மீண்டும் பேச்சுமொழியாக்கப் புறப்பட்ட பென் யெகுதா, 1882இல் எருசலேமிற் பிறந்த தம் மகனின் காதில் வேறெந்த மொழியும் விழாதவாறு காத்தார். அயலில் அம்மொழியை வீட்டுமொழியாகப் பேசுவோர் அக்காலத்தில் இல்லை. விளையாட்டுத் தோழர் இன்றி வளர்ந்த அப்பிள்ளை நெடுநாள் பேசாதிருந்தது எனக் கூறுவர். இன்று பல இலட்சம் பேருக்கு அது தாய்மொழி. பயன் பெரிதென்பதால், கேளாது பெறப்பட்ட விலை விலையன்று ஆகிவிடுமா? அப்பிள்ளை அவ்வேள்வியில் தானாக முன்வந்தது அன்று. நோயாளியும் எளியவரும் அந்நிலையினரே. அரசப் படிவத்தில் நிறைந்திருக்கும் 'ஆதனம்', 'மேன்முறையீடு' என்னும் சொற்களும் கற்றோர் ஆக்கியவையே. அவற்றின்முன் பேனாவோடு மயங்கி நிற்கும் மூதாட்டி, தன் நாட்டில் தன் மொழியிலேயே அயலவர் ஆகிறார். தமிழில் ஆளப்படும் உரிமைக்காகப் பல பதிற்றாண்டுகள் போராடிய மக்களுக்கு, விளங்காத தமிழ் வந்து சேருமாயின் அது பாதி வெற்றியே.

கேட்போனின் ஆற்றல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பேசுவோனின் கடமை மிகும் என்பது இதனாற் பெறப்படும். பாரம் எப்போதும் புதியதைக் கொணர்ந்தவன் தோளிலேயே இருத்தல் முறை.

இனி, தனித்தமிழ்ப் பற்றாளர் கூறக்கூடிய மறுப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் வெதுப்பியைப் பாண் என்று விளக்கினால் பாண் என்றே நிலைத்துவிடாதா? பழைய சொல்லை நீக்கவன்றோ புதுச்சொல் வந்தது? இம்மறுப்பில் அச்சம் இருக்கிறது. அது புரிந்துகொள்ளத்தக்க அச்சமும் ஆகும். சிறிய மொழிகளைப் பெரிய மொழிகள் விழுங்கிவரும் காலத்தில், ஒரு சொல் பறிபோவதும் இழப்பாகத் தோன்றும். ஆயின் கொடி பற்றி ஏறும்வரை கொழுகொம்பு வேண்டும்; கொம்பு கொடியன்று என்பதற்காக அதனைப் பிடுங்கினால் கொடி நிலத்தில் கிடந்து மிதிபடும். மேலும் திறப்பு எப்போதும் பிறமொழிச் சொல்லாகவே இருக்கவேண்டும் என்பதில்லை. சுட்டுவிரல் திறப்பாகலாம், 'சீனி வருத்தத்துக்குப் போடுகிற குளிசை' என்னும் ஊர்ச்சொல் திறப்பாகலாம், பொறுமையோடு பத்துமுறை சொல்லுதலும் திறப்பாகலாம்.

கேட்போனுக்கும் ஒரு கடமை உண்டு. அது சிரிப்பதற்குமுன் பொருளைக் கேட்டல். கேட்டறியாத சொல்லைக் கண்டவுடன் எள்ளும் பழக்கம் குடாநாட்டில் மட்டுமன்றித் தமிழ் வழங்கும் இடமெங்கும் உண்டு. 'ஈருருளி' என்றால் நகைப்போர், அறியாத ஆங்கிலச் சொல்லைக் கேட்டால் நகைப்பதில்லை. தம் அறியாமைக்கு நாணித் தலையாட்டுகின்றனர். அம்மம்மா பேரனுக்குத் தலையாட்டியதும் இவ்வாறே. இரண்டிலும் குறை ஒன்றே: விளங்கவில்லை என்று வெளிப்படச் சொல்லும் துணிவின்மை. அத்துணிவைக் கேட்போரிடம் வளர்ப்பதும், சொல்லப்பட்டபோது சினவாது ஏற்பதும், ஆக்கமொழியாளன் தன் மொழிக்குச் செய்யக்கூடிய தொண்டுகளுள் முதன்மையானவை.

ஆதலின் அரியாலை இளைஞன் தன் உறுதியைக் கைவிட வேண்டுவதில்லை; அதனோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மறுநாள் அவன் கடைக்குச் சென்று, "அண்ணை, ஒரு றாத்தல் பாண் தாங்கோ, வெதுப்பி எண்டும் இதைச் சொல்லலாம்" என்று கூறினால், கடைக்காரர் கையில் ஒரு மடலும் அதன் திறப்பும் சேர்ந்தே கிடைக்கும். அம்மம்மாவின் அருகே அமர்ந்து, "இது பிறஷர் குளிசை, சாப்பிட முன்னம், இது சீனிக் குளிசை, சாப்பிட்ட பிறகு. எங்கை, ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்டு, அவர் திருப்பிச் சொல்வதைச் செவிமடுத்தபின், ஓய்வாக இருக்கும் ஒரு மாலையில் குருதியமுக்கம் என்னும் சொல்லின் பொருளையும் சொல்லிக் கொடுக்கலாம். அவர் அதனை நாளை வழங்குவாரா, மறந்துவிடுவாரா என்பது அவர் உரிமை. சொல்லை ஆக்குதல் அறிஞரால் இயலும். அதனை வழக்காக்குதல் அம்மம்மாக்களால் மட்டுமே இயலும்.